ஓடுவதற்கு முன் எட்டு வாரம் பாயில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில், 40 வயதைத் தாண்டிய பெண்கள் ஓட வேண்டாம், முட்டி தேய்ந்துவிடும், நடைப்பயிற்சியே போதும் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு இப்போது 46 வயது. வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறேன். போன வருடம் முட்டி வலியில் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கியவளும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் நடந்ததை எழுதினால் என் வயதுப் பெண்கள் சிலருக்காவது உதவும் என்று தோன்றியது. அப்புறம், உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கல்லூரியில் 800 மீட்டர் ஓடியவள். பெரிய வீராங்கனை இல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஒரு முறை மூன்றாவதாக வந்தேன், 2 நிமிடம் 24 விநாடி. அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதே பீரோவில் 1998-இல் ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்த பி.டி. உஷாவின் படமும் இருக்கிறது. திருமணமாகி, குழந்தை பெற்று, சில வருடங்கள் ஓட்டத்தையே விட்டிருந்த உஷா, அந்த வருடம் ஜப்பானின் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம் வாங்கினார். அப்போது அவருக்கு 34 வயது. எனக்கு 19. ஒரு பெண் விட்டுவிட்டுத் திரும்பி வரலாம் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான்.

படிப்பு முடிந்தது, ஓட்டமும் நின்றது. கூட்டுறவு வங்கியில் காசாளர் வேலை. காலை பத்து மணிக்குக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். கல்யாணம், மகள், மாமியாரின் நோய், வீட்டுக் கடன். 23 வருடத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர நான் ஓடவில்லை. எடை 68 கிலோ ஆனது. மகள் படிக்க கோயம்புத்தூர் விடுதிக்குப் போனதும் காலை நேரம் என் கைக்குத் திரும்பி வந்தது. ஐந்து மணிக்கு எழுந்து யாருக்கும் டிபன் டப்பா கட்ட வேண்டாம். சரி, மறுபடி ஓடிப் பார்க்கலாம் என்று போன வருடம் ஜனவரியில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் போனேன்.

அன்று நான் செய்த தவற்றை விவரமாகச் சொல்கிறேன். முன்பு ஓடி, இடையில் விட்டு, திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். புதிதாக ஓட வருகிறவருக்கு ஒரு தயக்கம் இருக்கும், அது அவரைக் காப்பாற்றும். எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டு ரவுண்டு நடந்ததும் உடம்பு தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. கை வீச்சு, மூச்சு, பாதம் விழுகிற தாளம் எல்லாம் பழையபடி வந்தன. முதல் நாளே மூன்று கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் தொடையில் வலி, அதுவும் சுகமான வலி. பத்து நாளில் நான்கு கிலோமீட்டர் ஆனது. காலில் போட்டிருந்தது மகள் பள்ளியில் போட்டுவிட்டுப் போன கேன்வாஸ் ஷூ.

மூன்றாவது வாரம் இடது முட்டியின் முன்பக்கம், சில்லுக்குப் பின்னால், ஒரு மந்தமான வலி தொடங்கியது. சமதளத்தில் நடக்கும்போது தெரியாது. படி இறங்கும்போது குத்தும். கூண்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முட்டி இறுகிப்போயிருக்கும், மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடியும். அப்போதும் நான் நிறுத்தவில்லை. ஓடினால் சரியாகிவிடும் என்று நினைத்து இன்னும் ஒரு வாரம் ஓடினேன். பிப்ரவரி கடைசியில் தரையில் உட்கார்ந்து பூ கட்டிவிட்டு எழுந்திருக்க முடியாமல் போனபோதுதான் மருத்துவமனைக்குப் போனேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை. அந்த மருத்துவர், "இந்த வயசுல எதுக்கும்மா ஓட்டம்? இனிமே நட, அதுவும் மெதுவா நட" என்றார். வலி மாத்திரை, முட்டிக்கு ஒரு உறை. மொத்தம் நான்கு நிமிடம் பேசியிருப்பார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஆனால் எக்ஸ்ரேயில் தேய்மானம் இல்லை என்று அவரே சொன்ன பிறகு, எனக்கு ஏன் வலித்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அன்று இரவு அழுதேன் என்பதை எழுத எனக்கு வெட்கமில்லை. ஒரு மாதம்தான் ஓடியிருந்தேன். ஆனால் அந்த ஒரு மாதம் நான் மறுபடி நானாக இருந்தேன்.

ஓடினால் முட்டி தேயும் என்பதைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2017-இல் பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து ஒரு கட்டுரை வந்தது. உடல்நலத்துக்காகவும் விருப்பத்துக்காகவும் ஓடுகிறவர்களில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தது 3.5 சதவீதம் பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். இதை வைத்து ஓடினால் மூட்டு வலுப்படும் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனால் அளவாக ஓடுகிறவரின் முட்டி தேய்ந்தே தீரும் என்று பயமுறுத்த இந்தக் கணக்கு இடம் தரவில்லை. உங்கள் கட்டுரையில் இது இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

என்னுடன் வேலை பார்ப்பவர் சொல்லி மார்ச் மாதம் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன். சின்னப் பெண், என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். முட்டியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் என்னை ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்தினாள். "அக்கா, ஒத்தக் கால்ல நின்னு, பாதி அளவு உக்காந்து எழுந்திரிங்க, முட்டியை மட்டும் பாருங்க" என்றாள். வலது காலில் ஓரளவு ஒழுங்காக வந்தது. இடது காலில் உட்காரும்போது முட்டி தானாகவே உள்பக்கம், கட்டைவிரலையும் தாண்டிச் சரிந்தது. இடுப்பு மறுபக்கம் தொங்கியது. நானே பார்த்தேன், என்ன முயன்றும் நேராக வைக்க முடியவில்லை.

அவள் சொன்ன உவமையை நான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். கிணற்று உருளையில் கயிறு நேராக ஓடினால் எத்தனை வருடம் இறைத்தாலும் ஒன்றும் ஆகாது. யாராவது பக்கவாட்டில் நின்று இழுத்தால் கயிறு ஓரத்தில் உரசும். தொடைத் தசைதான் கயிறு, முட்டிச் சில்லு ஓடுகிற பள்ளம்தான் உருளை. என் இடுப்பும் புட்டமும் நாற்காலியிலேயே 20 வருடம் இருந்து வலுவிழந்துபோயிருந்தன. அவை பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காததால் ஒவ்வொரு அடியிலும் தொடை உள்பக்கம் திரும்பி, சில்லு ஓரத்தில் உரசியது. கோளாறு முட்டியில் இல்லை, அதற்கு மேலே இருந்தது.

அன்று இரவு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓடும்போது பாதம் தரையில் விழும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்கும். என் 68 கிலோவுக்கு இரண்டு மடங்கு என்றாலே 136 கிலோ. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்தால், ஒரு காலுக்கு 80 முறை. 25 நிமிட ஓட்டத்தில் ஒரு காலுக்கு 2,000 முறை. ஒரு முறை ஒற்றைக் காலில் நேராக உட்கார்ந்து எழத் தெம்பில்லாத காலில் 2,000 முறை அந்தப் பாரத்தை ஏற்றியிருக்கிறேன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்பதை வைத்து, கால் தயார் என்று நான் நம்பியதுதான் தவறு.

அவள் எனக்கு எட்டு வாரத்துக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். அதுவரை ஓடக் கூடாது, நடக்கலாம். வீட்டிலேயே செய்யலாம், ஒரு பாயும் மாடிப்படியும் போதும். ஆனால் தாளைப் பார்த்துச் செய்வது நடக்கவில்லை. எத்தனை முறை என்று எண்ணுவதா, மூச்சைக் கவனிப்பதா, முட்டி நேராக இருக்கிறதா என்று பார்ப்பதா? நாள் முழுக்க நோட்டு எண்ணுகிற எனக்கே பாயில் படுத்ததும் எண்ணிக்கை தவறியது. மகள் ஒரு செயலியைப் போனில் போட்டுத் தந்தாள். அதில் ஒரு குரல் வழிநடத்தும். ஆனால் ஆங்கிலம், அதுவும் வேகமான ஆங்கிலம். ஒரு சொல்லைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த பயிற்சிக்குப் போய்விடும். அந்தக் குரலுக்குப் பின்னால் ஓடி ஓடி இரண்டே நாளில் சலித்துவிட்டது.

இதை மகளிடம் போனில் சொன்னேன். மறுநாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு வந்தது, 24 நிமிடம். தாளை வைத்துக்கொண்டு, தன் விடுதி அறையில் தானும் கூடவே செய்துகொண்டு, அவளே பேசிப் பதிந்திருந்தாள். "ம்மா, பாய விரிச்சாச்சா? மல்லாக்கப் படு. முட்டிய மடக்கு. பாதம் தரையில. இப்ப இடுப்பத் தூக்கு, அப்படியே நிறுத்து. ஒண்ணு... ரெண்டு... மூச்சப் பிடிக்காத ம்மா, விடு... நாலு... அஞ்சு. மெதுவா இறக்கு, தொப்புனு போடாத." பின்னால் மின்விசிறி சத்தம் கேட்கும். ஒரு இடத்தில் யாரோ கதவைத் தட்டுவார்கள், "அஞ்சு நிமிஷம்டி, எங்கம்மாவுக்கு ரெக்கார்ட் பண்ணிட்டிருக்கேன்" என்பாள். இடது காலுக்கு வரும்போது அவள் குரல் கொஞ்சம் மாறும். "இது உன் வலிக்கிற கால். அவசரப்படாத." எட்டு வாரமும் வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் குரலோடுதான் பாயில் படுத்தேன். நான்காவது வாரத்துக்கு எண்ணிக்கையைக் கூட்டிப் புதிதாகப் பதிந்து அனுப்பினாள், அப்போது அவளுக்கு ஜலதோஷம். அந்தப் பதிவில் "பதினொண்ணு" என்று சொல்லிவிட்டு ஒரு தும்மல் வரும். நான் இடுப்பைத் தூக்கியபடியே அந்தத் தும்மலுக்காகக் காத்திருப்பேன்.

என்னென்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன இடுப்பைத் தூக்குவது முதல். அப்புறம் ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளை மடக்கி, குதிகால்கள் இரண்டும் ஒட்டியிருக்க மேல் முட்டியை மட்டும் சிப்பி திறப்பதுபோல் திறந்து மூடுவது. பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். பன்னிரண்டாவது முறை இடுப்பின் பக்கவாட்டில் தீப்பிடித்ததுபோல் எரியும், அதுதான் இத்தனை நாள் தூங்கிய தசை. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காருவது, முதலில் 20 விநாடி, கடைசியில் ஒரு நிமிடம். மாடிப்படியின் முதல் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலின் குதிகாலால் தரையை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்ப நிமிர்வது. இதைக் கண்ணாடி பார்த்துத்தான் செய்ய வேண்டும், முட்டி உள்ளே சரிந்தால் அந்த முறை கணக்கில் சேராது. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டு, குதிகாலை உயர்த்தி மூன்று எண்ணி இறக்குவது. இது கெண்டைக்காலுக்கு. ஓடுகிறவர்கள் அதிகம் மறப்பது கெண்டைக்காலைத்தான், ஒவ்வொரு அடியிலும் உடம்பை முன்னால் தள்ளிவிடுவது அதுதான். ஆறாவது வாரத்திலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். நம் பாட்டிமார் பிள்ளையார் முன்னால் போட்ட தோப்புக்கரணமும் இதே அசைவுதான். இது நமக்குப் புதிதே இல்லை, இடையில் விட்டுவிட்டோம்.

இந்த எட்டு வாரத்தில் மிகக் கஷ்டமாக இருந்தது பயிற்சி இல்லை. ஓடாமல் இருந்ததுதான். காலையில் நடந்துகொண்டிருக்கும்போது யாராவது ஓடித் தாண்டினால் கால் பரபரக்கும். அதே சமயம் இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன். ஹீமோகுளோபின் 10.1. பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இத்தனை நாள் மதியம் வந்த அசதியை நான் வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஓட நினைக்கும் பெண்கள் ஷூ வாங்குவதற்கு முன் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். எனக்கு நன்றாகவே வித்தியாசம் தெரிந்தது.

மே மாதம் அந்தப் பிசியோதெரபிஸ்ட் எனக்கு ஒரு தேர்வு வைத்தாள். 30 நிமிடம் வேகமாக நடந்து வலி இருக்கக் கூடாது. ஒவ்வொரு காலிலும் தனியாக 20 முறை குதிகாலை உயர்த்த வேண்டும். ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்க வேண்டும். கடைசியாக அதே கண்ணாடி, அதே ஒற்றைக் கால். இடது முட்டி நேராக இறங்கி நேராக ஏறியது. அவளுக்கு முன்னால் எனக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஓட்டம். அதுவும் நடையும் ஓட்டமும் கலந்த ஒன்பது வாரத் திட்டம். அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-இல் எழுதியது, 50 வயதைத் தாண்டிய தன் அம்மாவையும் மனத்தில் வைத்து எழுதினாராம். இப்போது உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படி 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஓய்வு. 800 மீட்டர் ஓடியவளுக்கு ஒரு நிமிட ஓட்டமா என்று மனம் முரண்டியது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டது எனக்குப் பெரிய பாடம். இதற்கும் மகள்தான் குரல் கொடுத்தாள். "இப்ப ஓடு" என்பாள், "போதும், நட" என்பாள். "போதும்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்ததால்தான் நான் நின்றேன்.

வலிக்கு அந்தப் பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கு இது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை. மூன்று வரை இருந்தால் ஓடலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அது போயிருக்க வேண்டும். அதைத் தாண்டினாலோ மறுநாளும் இருந்தாலோ அந்த வாரத்தையே திரும்பச் செய்ய வேண்டும். ஒன்பது வாரத் திட்டத்தை முடிக்க எனக்குப் பன்னிரண்டு வாரம் ஆனது. மூன்றாவது வாரத்தை இரண்டு முறை செய்தேன், ஐந்தாவது வாரத்தை மூன்று முறை. ஐந்தாவது வாரம்தான் கடினம். முதல் நாள் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று ஓட்டம், இரண்டாம் நாள் எட்டு எட்டாக இரண்டு, மூன்றாம் நாள் நடையே இல்லாமல் தொடர்ந்து 20 நிமிடம்.

அந்த 20 நிமிடம் ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. பெருமாள்புரத்தில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஐந்தேகால். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. மகாராஜநகர் உழவர் சந்தைப் பக்கம் காய்கறி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், கொத்தமல்லி வாசனை. காதில் மகள் குரல், "பத்து நிமிஷம் ஆச்சு ம்மா, பாதி." இடது பாதம் விழுகிற சத்தமும் வலது பாதம் விழுகிற சத்தமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டே ஓடினேன். ஜனவரியில் இடது பக்கம் மட்டும் தொப்பென்று விழும். அன்று இரண்டும் ஒன்றாக இருந்தன. "இருபது. நில்லு ம்மா. இல்ல, நிக்காத, நட" என்றாள். அந்தப் பதிவை அவள் நான்கு மாதத்துக்கு முன்பே, மார்ச்சில், மற்ற பதிவுகளோடு சேர்த்துச் செய்து வைத்திருந்தாள். நான் அந்த நாளுக்கு வந்து சேருவேன் என்று அவளுக்கு அப்போதே நம்பிக்கை இருந்திருக்கிறது. ஓரமாக நின்று போன் செய்தேன். தூக்கத்தில் எடுத்தாள்.

இப்போது ஐந்து கிலோமீட்டரை 36 நிமிடத்தில் ஓடுகிறேன். பழைய வேகம் வராது, அதற்காக நான் ஓடவும் இல்லை. முட்டி வலி இல்லை. ஆனால் பாயை நான் விடவில்லை, வாரத்தில் இரண்டு நாள் அதே பயிற்சி. மழைக்காலத்தில் ஒரு மாதம் விட்டுப் பார்த்தேன், டிசம்பரில் படி இறங்கும்போது முட்டி ஞாபகப்படுத்தியது. அதோடு புரிந்துகொண்டேன்.

எங்கள் தெருவில் இப்போது மூன்று பெண்கள் சனிக்கிழமை மாலை என் வீட்டு மொட்டை மாடிக்கு வருகிறார்கள். ஒருவர் 52 வயது, சத்துணவு அமைப்பாளர், பள்ளியில் கோகோ ஆடியவர். இன்னொருவர் தையல்காரர், நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்து இடுப்பு வலி. மூன்றாமவர் இரண்டு சிசேரியன் ஆனவர், அவரைப் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வரச் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டேன். ஓட வேண்டும் என்று எல்லோரும் வரவில்லை. தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ வேண்டும் என்பதுதான் தையல்காரரின் ஆசை. போன மாதம் எழுந்தார். மாடியில் என் மகளின் குரல்தான் ஓடுகிறது. அவர்களும் அந்தத் தும்மலுக்குச் சிரிப்பார்கள்.

இப்போது என் கோரிக்கை. உங்கள் பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை அடிக்கடி போடுகிறீர்கள், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான பயிற்சி. அது சரிதான். 2020-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட அதே பரிந்துரையில் இன்னொரு வரியும் இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று. அந்த வரியை நான் தமிழில் அச்சில் பார்த்த ஞாபகம் இல்லை. 2023 நவம்பரில் அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை தொடங்கியது, நல்ல திட்டம். நடக்கச் சொல்ல நம்மிடம் எல்லோரும் இருக்கிறார்கள். அந்த நடையைத் தாங்குகிற இடுப்பையும் காலையும் வீட்டுத் தரையில் எப்படி வலுப்படுத்துவது என்று தமிழில், நிதானமாக, எண்ணிக்கை சொல்லி வழிநடத்த யாரும் இல்லை.

அதை நீங்கள் செய்யலாம். வாரம் ஒரு கால் பக்கம் போதும், பன்னிரண்டு வாரம். ஒரு தகுதியுள்ள பிசியோதெரபிஸ்ட்டை எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு நான்கு பயிற்சி, கோட்டோவியத்தோடு. ஓவியத்தில் இருக்கும் பெண் சுடிதாரோ நைட்டியோ போட்டிருக்கட்டும், எங்களைப் போல் கொஞ்சம் தொப்பையோடு இருக்கட்டும். உடற்பயிற்சிக் கூடத்து இயந்திரங்கள் வேண்டாம், பாய், படி, சுவர், அரிசிப் பை இருக்கட்டும். எது செய்யக் கூடாது, எந்த வலிக்கு நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதும் ஒவ்வொரு வாரமும் இருக்க வேண்டும். முட்டி வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, நெஞ்சு அடைத்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். அதோடு ஒரு ஒலிப்பதிவும் இருந்தால் நல்லது. படிக்கத் தெரியாத பெண்களும் போனில் கேட்டுச் செய்வார்கள். அச்சில் போட்டு ஓரத்தில் ஒரு க்யூஆர் குறியீட்டுக் கட்டம் வைத்தால் போனில் பிடித்துக் கேட்டுக்கொள்கிற காலம் இது. அந்தக் குரல் மெதுவாகப் பேசட்டும், நம் வீட்டில் பேசுகிற தமிழில் பேசட்டும்.

இன்னொன்று, இது மாநகராட்சிக்கும் சேர்த்து. விடிவதற்கு முன் வருகிற பெண்களுக்கு மைதானங்களில் விளக்கும் பூட்டாத கழிப்பறையும் வேண்டும். வெயில் ஏறினால் எங்கள் ஊரில் ஓட முடியாது, ஏழு மணிக்கு மேல் எங்களுக்கு வீட்டு வேலை. ஐந்து மணிக்கு விளக்கு எரிந்தால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே நான்கு பேர் வருவோம்.

பயிற்சித் தாளையும் மகளின் ஒலிப்பதிவுகளையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தப் பிசியோதெரபிஸ்ட்டும் சம்மதித்திருக்கிறார், நீங்கள் கேட்டால் சரிபார்த்துத் தருவதாகச் சொன்னார். மகளிடம் கேட்டேன், தும்மலை மட்டும் வெட்டிவிட வேண்டும் என்கிறாள். அதை மட்டும் வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.